கல்லறைக்கு முன்பே மாறியவன்

கேள்வி: சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கரோல்' கதையில், எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஸ்க்ரூஜ் ஒரே இரவில் வள்ளலாகிவிடுகிறான். தன் கல்லறையைப் பார்த்து நடுங்கியவன் திருந்தியதாகச் சொல்வதை எப்படி நம்புவது? (கரூர் வாசகர்)

பதில்: கதையைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்களா, படத்தின் கடைசி இருபது நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டா? ஐந்து பகுதிகள் கொண்ட கதையில் கல்லறை வருவது நான்காம் பகுதியின் முடிவில். அதற்குள் ஆள் முக்கால்வாசி மாறியாயிற்று.

அந்த இரவில் மூன்று ஆவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஸ்க்ரூஜுக்கு அவனுடைய கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றையும் காட்டுகின்றன. முதல் ஆவி காட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். விடுமுறைக்கு எல்லாரும் வீடு திரும்பிவிட, மங்கிய நெருப்பருகே ஒரு பையன் மட்டும் தனியாகப் படித்துக்கொண்டிருக்கிறான். அது தானே என்று கண்டு கிழவன் அழுகிறான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் சொல்வது என்ன? நேற்றிரவு வாசலில் பாடிய சிறுவனுக்கு ஏதாவது கொடுத்திருக்கலாம் என்கிறான். அளவுகோலைத் தூக்கி அவனே விரட்டியடித்த சிறுவன் அது. இதில் மரணபயம் எங்கே வந்தது?

அடுத்து, இளமையில் வேலை பழகிய இடம். முதலாளி ஃபெஸ்ஸிவிக் பணியாளர்களுக்கு விருந்து வைக்கிறார். மூன்று, நான்கு பவுண்டு செலவுக்கா இவ்வளவு புகழ் என்று ஆவி வேண்டுமென்றே சீண்டுகிறது. கருமிக்குக் கோபம் வந்துவிடுகிறது. வேலையைச் சுகமாக்குவதும் சுமையாக்குவதும் முதலாளியின் சொல்லிலும் பார்வையிலும் இருக்கிறது என்று வாதாடுகிறான். வாதாடிய வாய் சட்டென்று அடைக்கிறது. தன்னிடம் வாரம் 15 ஷில்லிங்குக்கு எழுதிக்கொண்டிருக்கும் குமாஸ்தா பாப் க்ராட்சிட்டிடம் இப்போதே இரண்டு வார்த்தை பேசத் தோன்றுகிறது. கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். தன் வாயாலேயே தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொள்கிறான். (காதலி பிரிந்துபோகும் காட்சியில் கண்ணீர் சற்று அதிகம், அதை வேகமாகக் கடந்துவிடலாம்.)

இரண்டாம் ஆவியிடம், "கற்பிக்க ஏதாவது இருந்தால் கற்பியுங்கள்" என்று அவனே கேட்கிறான். அந்த ஆவி அவனை வெட்கப்பட வைக்கிறது. ஏழைகளுக்கு நன்கொடை கேட்டு வந்தவர்களிடம், "சிறைகள் இல்லையா?" என்று கேட்டவன் அவன்; சாகிறவர்கள் செத்தால் உபரி ஜனத்தொகை குறையும் என்றும் சொன்னவன். க்ராட்சிட்டின் நோயாளிப் பிள்ளை டைனி டிம் பிழைப்பானா என்று தவிக்கும்போது, அந்த வார்த்தைகளையே ஆவி திருப்பிச் சொல்கிறது. கடனுக்காக 1824-இல் தந்தை சிறைப்பட, 12 வயதில் பூட்ஸ் பாலிஷ் தயாரிக்கும் தொழிற்சாலையில் உழைத்தவர் டிக்கன்ஸ். 1843-இல் "சிறைகள் இல்லையா?" என்று எழுதியபோது அவருக்கு அது வெறும் வசனமாக இருந்திருக்காது.

மூன்றாம் ஆவி வந்து நின்றதுமே, வேறு மனிதனாக வாழ நினைப்பதாகவும் நன்றியோடு உடன் வருவதாகவும் சொல்லிவிடுகிறான். கல்லறை அதற்குப் பிறகுதான். அங்கே நடுங்குகிறான், கெஞ்சுகிறான், உண்மை. ஆனால் அது, மாற நினைத்தவனுக்கு அவகாசம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பதைப்பு.

வள்ளல் என்றும் அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். விடிந்ததும் நன்கொடை கேட்டவரைத் தெருவில் கண்டு, காதோடு ஒரு தொகை சொல்கிறான். பழைய பாக்கிகளும் அதில் அடக்கம் என்கிறான். கணக்குப்பிள்ளை புத்தி அப்படியே இருக்கிறது. யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதுதான் இப்போது தெரிந்திருக்கிறது. மறுநாள் க்ராட்சிட்டுக்குச் சம்பள உயர்வு. கூடவே ஒரு கட்டளை: அடுத்த எழுத்துக்குப் புள்ளி வைக்குமுன் போய் இன்னொரு கரிக்கூடை வாங்கி வா. முதல் பகுதியில் அதே க்ராட்சிட், நெருப்பு ஒற்றைக் கரித்துண்டுபோல் சிறுத்திருந்ததால் மெழுகுவத்தியில் குளிர்காய முயன்றது உங்களுக்கு நினைவிருந்தால், இந்தக் கேள்வியே வந்திருக்காது.