பட்டையை விட்டுவைத்த கிண்ணம்

கடைசல் பட்டறை: கேள்வி – பதில்

பச்சை மரக்கட்டையைப் பாதியாகப் பிளந்து, பட்டை இருக்கும் பக்கமே கிண்ணத்தின் வாயாக வரும்படி லேத் என்ற கடைசல் எந்திரத்தில் சுழற்றிக் கடைவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறேன்.

*உளி வாய்ப்பகுதியைத் தொட்டதுமே பட்டை கழன்று பறக்கிறது. மூன்று கட்டைகள் வீணாகிவிட்டன. பசை போட்டால் நிற்குமா?*
– வாசகர், நாகர்கோவில்

நிற்கும். ஆனால் பசைக்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. மரம் தளிர்விட்டு வேகமாக வளரும் நாட்களில் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே புது அடுக்கு உருவாகிக்கொண்டிருக்கும். அது மிக மென்மையானது. அப்போது வெட்டினால் பட்டை வாழைத்தோல் போல உரிந்து வரும். இலையுதிர்க்கும் மரமானால், இலை கொட்டி மொட்டையாக நிற்கும் நாட்களில் வெட்டியதைத் தேடுங்கள். பட்டை இறுகப் பிடித்திருக்கும்.

வெட்டிய கட்டையைப் போட்டுவைப்பதும் கெடுதல். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களுள் ஒன்று, என் தம்பி வீட்டு வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரம். நான் அம்பாசமுத்திரத்திலிருந்து போய்ச் சேர ஒரு மாதம் ஆகிவிட்டது. அதுவரை ஈரத்தில் கிடந்த கட்டையில் ஒன்றுகூடப் பட்டையோடு தேறவில்லை. கரும்பழுப்பு வைரமும் (நடுமரம்) அதைச் சுற்றிய மஞ்சள் வெளிறும் (பட்டையை ஒட்டிய இளமரம்) அவ்வளவு அழகாக இருந்தன. இன்றும் அந்த வருத்தம் தீரவில்லை.

இனி உளி. வாய்ப்பகுதியில் வெட்டு எப்போதும் பட்டையில் தொடங்கி மரத்துக்குள் போக வேண்டும். அப்போது பட்டைக்கு மரம் முட்டுக்கொடுக்கும். மரத்திலிருந்து பட்டைக்கு வந்தால் உளியே பட்டையைத் தள்ளிவிடும். கடைசிச் சீவலுக்கு முன் பட்டையும் மரமும் சேரும் கோட்டில், உள்ளும் புறமும், தண்ணீர் போல ஓடும் உடனடிப் பசையை விடுங்கள். அது வெளிறில் கறையாகும். முன்னதாக நீர்த்த அரக்கு வார்னிஷை ஒரு கை பூசிவிட்டால் கறை இறங்காது. என் அப்பா மரச்செப்புச் சாமான் கடைந்தவர். எங்கள் பட்டறையில் கட்டை வந்ததும் முதல் வேலை பட்டையை உரிப்பது. அரக்கு கடைசியில்தான் வரும். பட்டையைக் காப்பாற்றுவதற்காக அதே அரக்கை நான் எடுப்பேன் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

*ஐயா, நன்றாகக் காய்ந்த மரத்தில்தானே கடைய வேண்டும்? பச்சை மரம் வெடிக்காதா?*
– பாலிடெக்னிக் மாணவர், காரைக்குடி

நாற்காலிக் காலுக்குக் காய்ந்த மரம்தான் வேண்டும், தம்பி. இந்தக் கிண்ணத்துக்குப் பச்சை மரமே நல்லது. சுவர் முழுவதும் ஒரே கனத்தில், 5 அல்லது 6 மில்லிமீட்டருக்குக் கடைந்துவிட்டால், காயும்போது வெடிப்பதற்குப் பதிலாக வளைந்துகொடுக்கும். மரம் தன் வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. அதனால் வட்டம் சற்றே நீள்வட்டமாகும். மேடும் பள்ளமுமான வாய்க்கு அந்தக் கோணல் பொருந்திப்போகிறது.

அடிப்பகுதி தடித்தும் சுவர் மெலிந்தும் இருந்தால் வெடிப்பு உறுதி. வளையங்களின் நடுப்புள்ளி கிண்ணத்துக்குள் வந்தாலும் அப்படித்தான். பிளக்கும்போதே அதை விலக்கி அறுத்துவிடுங்கள். கடைந்ததைச் செய்தித்தாளில் சுற்றி நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

*சுழலும்போது வாய் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. கை நடுங்குகிறது.*
– வாசகர், கோயம்புத்தூர்

அந்தப் பயத்தை விட்டுவிடாதீர்கள். கட்டையின் நீளவாக்கில் வாய் உயர்ந்தும் பக்கவாட்டில் தாழ்ந்தும் இருப்பதால், ஒரு சுற்றில் உளி இருமுறை மரத்தையும் இருமுறை வெற்றுக் காற்றையும் சந்திக்கிறது. உயர்ந்த இரு முனைகளும் நிழலாகத்தான் தெரியும். என் இடது ஆள்காட்டி விரலில் எலும்பு வரை வெட்டிய தழும்பு இருக்கிறது. உப்புத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த நிழலுக்குள் விரலை விட்டேன். இப்போது வாய்ப்பகுதியை லேத்தை நிறுத்திவிட்டுத்தான் தேய்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பின்னால் கறுப்பு அட்டை ஒன்றை நிறுத்தினால் நிழல் தெளியும். 10 அங்குலக் கட்டையை நிமிடத்துக்கு 600 சுற்றுக்கு மேல் தொடங்க வேண்டாம். முழு முகத்தையும் மறைக்கும் கவசம் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். உளியைத் தாங்குகட்டையில் அழுத்துங்கள், மரத்தின்மேல் அழுத்தாதீர்கள். அழுத்தினால் காற்றுவெளியில் உளி முன்னே பாய்ந்து, அடுத்து வரும் முனையில் மாட்டிக்கொள்ளும். உள்ளே குடையும்போது வாயிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த இரண்டுக்குப் போங்கள். நடுவில் கட்டை கனமாக இருக்கும்வரைதான் சுவர் அதிராமல் நிற்கும். கீழே குடைந்தபின் மறுபடி வாய்க்கு வராதீர்கள்.

*தேங்காய் எண்ணெய் தடவலாமா?*
– வாசகி, பொள்ளாச்சி

வேண்டாம். அது மரத்தில் இறுகாது, தூசி ஒட்டும். ஆளி விதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும். ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

*என் மாமியார் நட்ட பூவரசை வீடு கட்டுவதற்காக வெட்டப்போகிறோம். விறகுக்காரர் விலை பேசிவிட்டார். ஒரு கிண்ணமாவது செய்ய முடியுமா?*
– வாசகி, தஞ்சாவூர்

அம்மா, விறகுக்காரரிடம் இரண்டு துண்டுகளையாவது கொடுக்க மாட்டேன் என்று இன்றே சொல்லிவிடுங்கள். பூவரசின் வைரம் செம்பழுப்பு நிறம், நெருக்கமான ரேகை, வழவழவென்று கடையும். ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தை மிலோ என்பார்கள். அங்கே ‘போய்’ என்ற கிழங்குக் கூழை வைக்கும் கிண்ணங்களை இதில் செய்தார்கள். நம் ஊரில் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிவிட்டு, மரத்தை அடுப்புக்கு அனுப்பிவிடுகிறோம். எனக்கு அது பொறுக்கவில்லை.

அடிமரத்தில் நேரான பகுதியாக, குறுக்களவைவிட ஒரு சாண் கூடுதல் நீளத்தில் வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய அன்றே இரு முனைகளிலும் உருக்கிய மெழுகைப் பூசி, நிழலில் தரையைத் தொடாமல் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் கடைபவரிடம் போய்ச் சேர வேண்டும். வண்டியில் ஏற்றும்போது கயிறு போட்டு இழுக்கவோ உருட்டவோ விடாதீர்கள். இருவர் பிடித்துத் தூக்கட்டும். பட்டை நசுங்கிய இடம் கிண்ணத்தின் வாயில் அப்படியே தெரியும்.