எக்செல் ஷீட்டில் 64,000 டாலர், கைக்கு எவ்வளவு?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். 14 மாதங்களுக்கு முன், மனைவியின் தம்பி பேச்சைக் கேட்டு, பக்கத்து ஊரில் நடந்த ஒரு எஸ்டேட் சேலில் (ஒரு வீட்டுப் பொருள்களை மொத்தமாக விற்பது) பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட பழைய கார்டுகள் 400 வாங்கினேன். 9,000 டாலர், கிரெடிட் கார்டில். வட்டி 23 சதவீதம். இதுவரை வட்டி மட்டுமே கட்டிவருகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் அவனும் உட்கார்ந்து ஈபேயில் விலை பார்த்து எக்செல்லில் ஏற்றுகிறோம். போன வாரம் மொத்தம் 64,000 டாலர் வந்தது. 1952இல் டாப்ஸ் கம்பெனி போட்ட, நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் கார்டுகூட இருக்கிறது. இப்போது பென்சில்வேனியாவில் இன்னொரு கலெக்ஷன் 40,000 டாலருக்கு வருகிறதாம். வீட்டின் பேரில் ஹோம் ஈக்விட்டி கடன் எடுங்கள், லாபத்தில் ஆளுக்குப் பாதி என்கிறான். வட்டி 8.5 சதவீதம். வெள்ளிக்கிழமை கையெழுத்து. தம்பியிடம் இல்லை என்று சொல்ல மனைவிக்கு மனமில்லை. 60 கார்டுகளை, அவற்றின் நிலையைப் பார்த்து 1 முதல் 10 வரை தரம் போடும் நிறுவனத்துக்கு அனுப்பவும் யோசிக்கிறோம். கார்டுக்கு 35 டாலர் ஆகும். எங்கள் மதிப்பீடு சரிதானா? எக்செல், படங்கள் இரண்டையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: கிரெடிட் கார்டில் பாக்கி வைக்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். உங்கள் பணத்தைக் கரைப்பது பேஸ்பால் கார்டுகள்கூட இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை எக்செல்தான். நீங்கள் ஏற்றுவது விற்பவர் கேட்கும் விலை. கேட்ட விலைக்குப் போன கார்டு அன்றே பட்டியலிலிருந்து மறைந்துவிடும். போகாதது மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஆக, வாராவாரம் நீங்கள் பார்ப்பது அந்த விலைக்கு யாரும் வாங்காத கார்டுகளின் பட்டியல். அதைக் கூட்டிப் போட்டு, அந்தக் கூட்டுத்தொகையின் தைரியத்தில் வீட்டை அடமானம் வைக்கப் போகிறீர்கள்.

முதலில் அந்த மேன்டில். எக்செல்லில் 14,000 டாலர் போட்டிருக்கிறீர்கள். படத்தில் அது ஒன்பது பாக்கெட் பிளாஸ்டிக் ஷீட்டில் மற்ற கார்டுகளோடு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்ததுமே விஷயம் முடிந்தது. 1952 முதல் 1956 வரை டாப்ஸ் போட்ட கார்டுகள் அளவில் பெரியவை: 2⅝ அங்குலத்துக்கு 3¾ அங்குலம், அதாவது 66.7 மி.மீ.க்கு 95.3. இன்று நாம் பார்க்கும் 63.5க்கு 88.9 அளவு 1957இல்தான் வந்தது. அசல் 1952 கார்டை அந்தப் பாக்கெட்டில் செருகினால் தலை வெளியே துருத்தும். 1983இல் டாப்ஸே 1952 தொகுப்பைச் சிறிய அளவில் மறுஅச்சு போட்டது. உங்களிடம் இருப்பது அதுவாகவோ பின்னால் வந்த வேறொரு மறுஅச்சாகவோதான் இருக்கும். அசலின் விலையில் ஒரு துளிதான் கிடைக்கும். சந்தேகமிருந்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸை வைத்து எழுத்தைப் பாருங்கள். அசலில் கறுப்பு எழுத்தும் கோடும் இடைவெளியே இல்லாமல் ஒரே சீரான மையில் இருக்கும். கார்டைப் படமெடுத்து அச்சடித்த போலியில் எழுத்தின் விளிம்புகூடப் புள்ளி புள்ளியாக உடைந்து தெரியும்.

உங்கள் மைத்துனர் 1 கோடியே 26 லட்சம் டாலர் கதையையும் சொல்லியிருப்பார். நடந்தது உண்மைதான். 2022 ஆகஸ்டில் ஹெரிடேஜ் ஏலத்தில் ஒரு 1952 மேன்டில் அந்த விலைக்குப் போனது. ஆனால் அது எஸ்ஜிசி என்ற தரம் போடும் நிறுவனம் 10க்கு 9.5 போட்ட கார்டு. அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்ததுபோல் நான்கு மூலையும் கூராக நின்ற கார்டு. அதே அசல் கார்டு மடிப்பும் கறையுமாக 1ஆம் தரத்தில் வந்தால் விலை பல்லாயிரங்களோடு நின்றுவிடும். இன்னொன்று: ஏல விலை என்று செய்தியில் வரும் தொகையில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் பிரீமியமும் சேர்ந்திருக்கும், பெரும்பாலும் 20 சதவீதமோ அதற்குச் சற்று மேலோ. 12,000 என்று போட்டிருந்தால் சுத்தியல் விழுந்தது 10,000இல். விற்றவர் கைக்குப் பெரும்பாலும் அதைவிட அதிகம் வந்திருக்காது.

இனி உங்களிடம் இருக்கும் அசல் ஒன்றை எடுத்து விலை போட்டுப் பார்ப்போம். 1955 டாப்ஸ் சாண்டி கோஃபாக்ஸ், எண் 123, அவருடைய ரூக்கி கார்டு, அதாவது ஆட வந்த புதிதில் வந்த முதல் கார்டு. எக்செல்லில் 1,150. இந்த விலையை நீங்கள் எடுத்த விளம்பரத்தில் இருப்பது பிஎஸ்ஏ என்ற இன்னொரு நிறுவனம் தரம் போட்டு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த கார்டு. உங்களுடையது எந்தத் தரமும் போடாத ‘ரா’ கார்டு. இரண்டையும் ஒன்றாக வைத்ததே முதல் தப்பு.

அளவிலிருந்து ஆரம்பியுங்கள். 1955 கார்டு படுக்கை வசத்தில் இருக்கும், ஆனால் அளவு அதேதான், 95.3க்கு 66.7. அந்தக் காலத்து வெட்டு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்பதால் ஸ்கேலை மட்டும் நம்பாதீர்கள். உங்களிடமே 1955 வருடத்துச் சாதாரண ஆட்டக்காரர்களின் கார்டுகள் இருக்கின்றன. அவற்றில் நாலைந்தின் நடுவே கோஃபாக்ஸை வைத்துச் சீட்டுக்கட்டு மாதிரி மேஜையில் தட்டுங்கள். அது மட்டும் உள்ளே ஒடுங்கினால், அல்லது ஒரு விளிம்பு மட்டும் மற்றவற்றைவிடப் புத்தம்புதிதாய்க் கூராக இருந்தால், யாரோ மழுங்கிய மூலையை மறைக்க ஓரம் சீவியிருக்கிறார்கள். சீவிய கார்டுக்கு எண் தரம் கிடைக்காது. விலை அங்கேயே சரியும்.

அடுத்து மடிப்பு. மேஜை விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, கார்டை மெல்லத் திருப்புங்கள். பின்பக்கத்தையும் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கோடு அப்போது எழும்பி வரும். உங்கள் படத்தில் இடது கீழ் மூலைக்கு மேலே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஏற்கெனவே தெரிகிறது. பார்வைக்கு 6 மாதிரி இருக்கும் கார்டை 3க்கு இறக்க அந்த ஒரு கோடு போதும். பிறகு வெள்ளை ஓரங்களை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 3 மி.மீ., எதிர்ப்பக்கம் 2 மி.மீ. என்றால் அது 60க்கு 40, மோசமில்லை. 4க்கு 1 என்றால் 80க்கு 20, அதே தரத்துக்குள்ளும் அடிமட்ட விலைதான் வரும்.

தரம் 3 என்று வைத்துக்கொண்டால், ஈபேயில் ‘விற்றவை’ என்ற வடிகட்டியைப் போடுங்கள். கடைசி 90 நாள் விற்பனை வரும். அதே வருடம், அதே எண், அதே நிறுவனத்தின் அதே தரம். இதில் ஒன்று மாறினாலும் ஒப்பீடு கிடையாது. பிஎஸ்ஏ 3 போகும் விலைக்கு மற்ற நிறுவனங்களின் 3 பெரும்பாலும் போகாது. விலையின் மேல் கோடு அடித்து, பக்கத்தில் பேரம் ஏற்கப்பட்டது என்று இருந்தால் அந்த எண்ணைத் தொடாதீர்கள். அது கேட்ட விலை, கொடுத்த விலை அல்ல. கொடுத்த விலை 130பாயின்ட் தளத்தில் கிடைக்கும். பிஎஸ்ஏ தளத்திலேயே பழைய ஏல விலைகளும், எந்தத் தரத்தில் எத்தனை கார்டு இருக்கிறது என்ற கணக்கும் இருக்கின்றன.

பேச்சுக்கு, ஐந்து விற்பனை கிடைத்தது என்று வையுங்கள்: 380, 410, 430, 455, 690. சராசரி போடாதீர்கள், 473 வந்து ஏமாற்றும். அந்த 690ஐத் திறந்து பார்த்தால் ஓரங்கள் அச்சு அசலாய் நடுவில் இருக்கும். உங்களுடையது அப்படி இல்லை. நடு எண்ணை எடுங்கள்: 430. ஈபே கட்டணம் சுமார் 13 சதவீதம், 56 போனது. இன்ஷூரன்ஸோடு அனுப்ப 12. தரம் போட 35. மிஞ்சுவது 327. எக்செல்லில் 1,150 என்று நின்ற கார்டு கைக்குக் கொண்டுவருவது அதில் 28 சதவீதம்.

இதே விகிதம் எல்லாக் கார்டுக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் மொத்தத்தைத் தோராயமாகப் பார்க்க இது போதும். உங்கள் 64,000ஐப் பிரித்தால் மேன்டில் 14,000, மற்ற நட்சத்திரங்கள் 21 கார்டு 25,000, ஐம்பது அறுபதுகளின் சாதாரணக் கார்டு 150க்கு 14,000, மீதி 228 கார்டுக்கு 11,000. மேன்டிலை அடித்துவிடுங்கள். 21 நட்சத்திரங்களுக்கு 28 சதவீதம், 7,000. மூலை மழுங்கிய சாதாரணக் கார்டுகளைத் தனித்தனியாக விற்க முடியாது, தபால் செலவே தின்றுவிடும். வருடவாரியாகக் கட்டிக் கொடுத்தால் ஒன்றுக்கு 3 டாலர் வைத்து 450.

அந்த 228 கார்டுகள்தான் உங்களுக்கு வலிக்கும். எல்லாம் 1987 முதல் 1992 வரை வந்தவை, பளபளவென்று இருக்கின்றன. டாப்ஸ், ஃபிளீர், டான்ரஸ், ஸ்கோர், அப்பர் டெக் என ஐந்து கம்பெனிகளும் போட்டி போட்டு அச்சடித்துத் தள்ளிய காலம் அது. வாங்கியவர்களும் பிற்காலத்தில் விலை போகும் என்று பத்திரமாகப் பெட்டியில் வைத்தார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு என்ன தட்டுப்பாடு? 1952 தொகுப்பின் கடைசி வரிசைக் கார்டுகள் விற்காமல் தேங்கி, டாப்ஸே அவற்றை அட்லாண்டிக் கடலில் கொட்டியது. மேன்டிலும் அந்த வரிசையில்தான், 311ஆம் எண். அதனால்தான் அது அரிது. உங்கள் 228க்கும் சேர்த்து 100 டாலர் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

மொத்தம் 7,550. போட்டது 9,000. வட்டி மாதம் 172 வீதம் 14 மாதத்துக்கு 2,400. ஆக 11,400. இன்றைய தேதிக்கே 3,850 டாலர் நஷ்டத்தில் நிற்கிறீர்கள், அதுவும் எந்தக் கார்டும் சீவப்பட்டதாக இல்லையென்றால். எக்செல்லில் ‘மாதம் 172’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன், இல்லை.

60 கார்டுகளை அனுப்புவதையும் நிறுத்துங்கள். 2,100 டாலர் ஆகும். 3ஆம் தரம் வாங்கிய சாதாரணக் கார்டு பெரும்பாலும் தரம் போட்ட கூலிக்கே விற்காது. தரம் போட்ட விலைக்கும் போடாத விலைக்கும் இடைவெளி 70 டாலருக்கு மேல் இருப்பதை மட்டும் அனுப்புங்கள். உங்கள் பட்டியலில் எட்டு தேறும். கோஃபாக்ஸ் அதில் ஒன்று, ஏனென்றால் அந்தக் கார்டில் போலிக்கும் சீவலுக்கும் பயந்து ‘ரா’வாக வாங்குபவர்கள் விலையைக் குறைத்துவிடுவார்கள். அதற்குமுன் எதையும் துடைக்காதீர்கள், மடிப்பை அழுத்தி நேராக்காதீர்கள்.

இனி அந்த 40,000. ஒரு வருட வட்டி 3,400. ஈபேயில் விற்றால் 13 சதவீதம் போகும். 43,400 கைக்கு வர வேண்டுமென்றால் சுமார் 50,000க்கு விற்றாக வேண்டும். ஒரே வருடத்தில் 25 சதவீத ஏற்றம், அதுவும் வெறும் கையோடு திரும்ப. ஏறிய விலை நிற்கும் என்றும் எண்ண வேண்டாம். கூடைப்பந்தில் மைக்கேல் ஜோர்டனின் 1986 ஃபிளீர் கார்டு, பிஎஸ்ஏ 10, 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்குப் போனது. அடுத்த வருடமே அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. கார்டையே அடமானம் வாங்கிக்கொண்டு கடன் தருகிறோம், ஒரு கார்டின் சிறு பங்கை ஆப்பில் வாங்கலாம், நேரலையில் சீல் வைத்த கார்டுப் பெட்டியைப் பிரித்து உள்ளே வருவதை விற்கிறோம் என்று வருபவற்றையும் உங்கள் மைத்துனர் அனுப்பியிருப்பார் போலிருக்கிறது. எல்லாவற்றிலும் உறுதியான வருமானம் கட்டணம் வாங்குபவருக்குத்தான்.

லாபத்தில் பாதி என்கிறார். நஷ்டத்தில்? கடன் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை, வீடு உங்களுடையது. மனைவியிடம் தம்பியைப் பற்றிப் பேச வேண்டாம், கணக்கை மட்டும் காட்டுங்கள். மைத்துனரிடம் இல்லை என்றும் சொல்ல வேண்டாம். “இருக்கும் நட்சத்திரக் கார்டுகளில் பத்தை நீயே தேர்ந்தெடுத்து 30 நாளில் விற்றுக் காட்டு. எக்செல் விலையில் பாதி கைக்கு வந்தால் மற்றதைப் பேசுவோம்” என்று சொல்லுங்கள். வரும் பணம் முழுக்க கிரெடிட் கார்டுக்குப் போகட்டும்.

எஸ்டேட் சேல் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஈபேயிடமிருந்து 1099-கே என்ற வரிப் படிவம் வந்தால் அதில் மொத்த விற்பனைதான் இருக்கும், உங்கள் அடக்கவிலை இருக்காது. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த சேகரிப்புப் பொருளின் லாபத்துக்கு மத்திய வரி 28 சதவீதம் வரை போகும். பங்குகளுக்கு உள்ள குறைந்த விகிதம் இதற்குக் கிடையாது.

வெள்ளிக்கிழமை போகாதீர்கள். வற்புறுத்தலில் போய்க் கையெழுத்தே போட்டுவிட்டாலும், குடியிருக்கும் வீட்டின் பேரில் எடுக்கும் இந்த வகைக் கடனை மூன்று வேலைநாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். இந்தக் கணக்கில் சனிக்கிழமையும் வேலைநாள்தான்; ஞாயிறும் மத்திய அரசு விடுமுறையும் சேராது. இடையில் விடுமுறை இல்லையென்றால் செவ்வாய் நள்ளிரவு வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. ரத்துப் படிவம் அவர்கள் கொடுக்கும் காகிதக் கட்டிலேயே இருக்கும்.