புஷ் சிலவேளை போகுது, சிலவேளை மறுக்குது

மூன்று பேர் எஸ்எஸ்எச் (சேர்வருக்குள் பாதுகாப்பாக நுழையிற வழி) வழியாக ஒரே கிட் ரிப்போவுக்கு (கோட் மாற்றங்களைச் சேமிக்கிற களஞ்சியம்) புஷ் செய்ய, அதாவது மாற்றங்களை அனுப்ப, உங்களுக்கு இடைக்கிடை ‘பெர்மிஷன் டினைட்’ (அனுமதி மறுப்பு) வருகுது எண்டு எழுதியிருக்கிறியள். இடைக்கிடை வாறதுதான் துப்பு. கிட், சேமிக்கிற ஒவ்வொண்டுக்கும் ஹாஷ் எண்ட அடையாளக் குறி குடுத்து, ஒப்ஜெக்ட்ஸ் அடைவுக்குள்ளை (ஃபோல்டர்) அந்த ஹாஷின் முதல் 2 எழுத்தில் 256 வரை உள்ளடைவு போடும். முதலில் உண்டாக்கினவருக்கே அது சொந்தம். உங்கட கொமிட் (பதிஞ்ச மாற்றம்) மற்றவரின் ‘7எஃப்’ அடைவுக்குள் விழுந்தால் மறுப்பு.

மூவரையும் ஒரு குரூப்பில் சேர்த்து, ரூட்டாக (சேர்வரின் முழு அதிகாரக் கணக்கு) நின்று முழு ரிப்போவையும் அந்தக் குரூப்புக்கு மாத்துங்கோ. பிறகு அடைவுகளுக்கு மட்டும் 2775 எண்ட அனுமதி எண்ணைப் போடுங்கோ. முன்னாலுள்ள 2 இருந்தால்தான் புது அடைவும் அதே குரூப்பில் பிறக்கும். கிட் கொன்பிக்கில் (அமைப்புக் கோப்பு) ‘கோர்.ஷேர்ட்ரெப்போசிட்டரி’யைக் ‘குரூப்’ ஆக்குங்கோ. இல்லாட்டி உமாஸ்க் 022 (புதுக் கோப்புகளின் அனுமதியைக் குறைக்கிற அமைப்பு) குரூப்பின் எழுதும் அனுமதியை வெட்டிப்போடும், நாளைக்கே பழைய பிழை. தயவுசெய்து 777 (எல்லாருக்கும் முழு அனுமதி) போடாதேங்கோ. மூவரும் லொக்அவுட் செய்து திரும்ப வந்தால்தான் புதுக் குரூப் பிடிக்கும்.