அமைதிப் பணிக்குப் பட்டம் மட்டும் போதுமா?

கேள்வி: அரசியல் அறிவியலில் முதுகலை முடிக்கப்போகிறேன். போர்களையும் உள்நாட்டு மோதல்களையும் தடுக்கப் பாடுபடும் சர்வதேச அமைப்புகளில் பணியாற்ற விரும்புகிறேன். கல்விக்கடன் வாங்கி உடனே வெளிநாடு சென்று அமைதியியல் படிக்கலாமா?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: இப்போது கடன் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. இத்துறையில் ஆள் எடுப்பவர்கள், விண்ணப்பிப்பவர் எந்த மக்களோடு இருந்து என்ன வேலை செய்தார் என்பதைத்தான் பட்டத்துக்கும் முன்பாகப் பார்க்கிறார்கள்.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம்: கென்யாவின் வடகிழக்கில் உள்ள வஜீர் மாவட்டத்தில், 1990களின் தொடக்கத்தில் சோமாலி குலங்களிடையே மோதல் முற்றியபோது, அதைத் தணிக்க முதலில் இறங்கியவர்கள் தெக்கா இப்ராஹிம் அப்தியும் அவரோடு சேர்ந்த உள்ளூர்ப் பெண்களும்தான். எந்தக் குலத்துப் பெண்ணும் சந்தையில் தடையின்றி வாங்கவும் விற்கவும் முடிகிறதா என்று அவர்களே கண்காணித்தார்கள். பிறகு குலப் பெரியவர்களையும் இளைஞர்களையும் அதிகாரிகளையும் பேச்சுக்குக் கொண்டுவந்தார்கள். 1995இல் அம்முயற்சி, அரசு நிர்வாகமும் பங்கேற்கும் மாவட்ட அமைதிக் குழுவாக உருப்பெற்று, நாட்டின் பிற பகுதிகளுக்கும் முன்மாதிரியானது. அப்தி 2007இல், ‘மாற்று நோபல்’ என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றார். வெளியிலிருந்து செல்லும் பணியாளருக்கு, இத்தகையவர்களுக்குத் துணை நிற்பதே பெரும்பாலும் வேலை: வதந்தி எங்கே கிளம்பியது என்று விசாரிப்பது, கூட்டத்துக்கு இரு தரப்பும் வர ஏற்பாடு செய்வது, அறிக்கை எழுதுவது, நிதி கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டுவது. (பேச்சுவார்த்தை மேசையில் அமரும் வாய்ப்பு மிகச் சிலருக்கே, அதுவும் தலை நரைத்த பிறகே கிடைக்கும்.)

ஆகவே, முதலில் இரண்டு மூன்று ஆண்டுகள் இங்கேயே சட்ட உதவி, பேரிடர் நிவாரணம், மகளிர் குழுக்கள் போன்ற ஏதேனும் ஒன்றில், இரு தரப்பாரின் வசவையும் கேட்க நேரும் ஒரு வேலையில் சேருங்கள். கூடவே பிரெஞ்சு அல்லது அரபு மொழியைப் பழகிக்கொள்ளுங்கள். காங்கோவிலும் சூடானிலும் ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. அதன்பின், ஜெர்மனியின் பான் நகரில் தலைமையகம் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். பெயர் தன்னார்வம் என்றாலும் வாழ்க்கைச் செலவுக்கான படி உண்டு. படிப்புக்கு, ரோட்டரி சங்கம் வழங்கும் அமைதி நல்கை என்ற உதவித்தொகை இருக்கிறது. ஸ்வீடனின் உப்சாலா, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் போன்ற பல்கலைக்கழகங்களில் முதுகலை படிக்க முழுச் செலவையும் அது ஏற்கிறது. ஆனால் மூன்று ஆண்டுப் பணி அனுபவம் கேட்கிறது.

வீட்டில் பேசும்போது ஒன்றை மறைக்காதீர்கள். இத்துறையில் பெரும்பாலான பணிகள் குறுகிய கால ஒப்பந்தங்களே. 2025இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைப் பெருமளவு வெட்டியபோது, பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் வேலை இழந்தார்கள். இன்னொன்று, ஐ.நா. அமைப்புகள் விண்ணப்பத்துக்கோ நேர்காணலுக்கோ கட்டணம் வாங்குவதில்லை. பணம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் அது மோசடி.