கிளாடிஸ் என்று ஒரு பெயர்

அன்புள்ள ஐயா,

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். மூன்று மாதமாக அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்பிள் நாவல்களை வாசித்து வருகிறேன். கடைசியாக முடித்தது 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை'. பணக்காரர் ரெக்ஸ் ஃபோர்டெஸ்க்யூ தன் அலுவலகத்தில் விஷத்தால் சாகிறார். பிறகு அவருடைய இளம் மனைவி அடேல் வீட்டில் தேநீர் வேளையில் சாகிறாள். ஒரு வேலைக்காரியும் கொல்லப்படுகிறாள். பின்னல் ஊசியும் கையுமாக மிஸ் மார்பிள் என்ற கிழவி வந்து ஊர்வம்பு பேசியே கொலையாளியைப் பிடித்துவிடுகிறாள். ரசித்துத்தான் வாசித்தேன். ஆனால் புத்தகத்தை மூடியதும் ஒரு குற்ற உணர்வு, இந்த நேரத்தில் ஒரு நல்ல இலக்கியத்தை வாசித்திருக்கலாமே என்று. 'எங்கள் ஊரில் இப்படித்தான் ஒருவன் இருந்தான்' என்று சொல்வதெல்லாம் துப்பறிதல் ஆகுமா? கிறிஸ்டி மேட்டிமை உள்ளவர், ஏழைகளை மதிக்காதவர் என்கிறார் என் நண்பர். அடுத்து எதை வாசிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

போன வாரம்தான் இதே நாவலை மறுபடி எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். என் பெரியம்மாவின் திதி வந்தது. அந்த நாள் வந்தால் இந்தப் புத்தகமும் கைக்கு வந்துவிடும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

குற்ற உணர்வை முதலில் விடுங்கள். நாள் முழுக்க வங்கியில் கணக்குப் பார்த்துவிட்டு வந்து ராத்திரி ஒரு புத்தகத்தை மகிழ்ச்சியாக வாசிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கிறிஸ்டியின் பல கதைகளில் சமையல்காரிகளும் பணிப்பெண்களும் அசட்டுப் பிசட்டென்று பேசிவிட்டு மறைந்துபோகிறார்கள். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்று என்னை உறுத்திவிட்டது. மூன்று கொலைகளைச் சொல்கிறீர்கள். ரெக்ஸுக்குப் பெயர் இருக்கிறது. அடேலுக்குப் பெயர் இருக்கிறது. மூன்றாவது ஆள் 'ஒரு வேலைக்காரி'. அவளுக்கும் பெயர் உண்டு, கே. கிளாடிஸ் மார்ட்டின். முந்நூறு பக்கம் வாசித்த நீங்கள் அந்தப் பெயரை எப்படித் தவறவிட்டீர்கள்? அது தெரியாவிட்டால் அந்த நாவலில் மிஸ் மார்பிள் எதற்காக வந்தார் என்பதே தெரியாது.

அவர் ரெக்ஸுக்காக வரவில்லை. அடேலுக்காகவும் இல்லை. கிளாடிஸ் அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். மிஸ் மார்பிள்தான் அவளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு வேலை பழக்கினார். வெள்ளிப் பாத்திரம் துலக்குவது, மேசையில் பரிமாறுவது எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. அழகில்லாத பெண், சூட்டிகையும் போதாது, சினிமா என்றால் உயிர். யாராவது ஒருவன் தன்னைக் கல்யாணம் செய்துகொள்வான் என்று நம்பிக்கொண்டே இருந்தவள். அவள் செத்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்ததும் அந்த வயதில், ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, ரயிலேறி, யாரென்றே தெரியாத ஒரு பணக்கார வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அவரை யாரும் கூப்பிடவில்லை. இதையா வம்பு என்கிறீர்கள்?

கிளாடிஸைத் தோட்டத்தில், துணி காயப்போடும் கொடியருகே, கழுத்தை நெரித்துப் போட்டிருக்கிறார்கள். மூக்கில் ஒரு துணிக் கிளிப். ஆங்கிலக் குழந்தைப் பாடல் ஒன்றில் ராஜா பணம் எண்ணுகிறான், ராணி ரொட்டியும் தேனும் தின்கிறாள், துணி உலர்த்தும் வேலைக்காரியின் மூக்கைக் கறுப்புப் பறவை கொத்திக்கொண்டு போகிறது. கொலைகள் அந்தப் பாடலின்படி நடக்கின்றன. இன்ஸ்பெக்டர் நீலுக்கு அது ஒரு தடயம். மிஸ் மார்பிளுக்குத் தாங்க முடியாதது அந்தக் கிளிப்தான். ஒரு மனிதரின் கண்ணியத்தை இப்படி அவமதிப்பது கொடுமை, அதுவும் கொன்றதற்குப் பிறகு என்கிறார்.

இனி பெரியம்மா.

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பழைய புத்தகக் கடையில் அட்டை போன ஒரு பிரதி கிடைத்தது. எனக்கு அன்று தெரிந்த ஆங்கிலத்துக்குப் பக்கத்துக்குப் பத்து வார்த்தை புரியாது. ராத்திரி கரண்ட் போனால் பெரியம்மா திண்ணையில் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு புளியில் கொட்டை எடுப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அன்று வாசித்த வரைக்கும் கதை சொல்வேன். பெரியம்மாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். சின்ன வயதில் ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். அந்தக் காலத்தைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை.

ரெக்ஸ் செத்தபோது "ம்" கொட்டினார். அடேல் செத்தபோதும் அதே "ம்". கிளிப்பைப் பற்றிச் சொன்னதும் கை நின்றுவிட்டது. விரலில் புளி பிசுபிசுத்துக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"மூக்குல எதுக்குடா மாட்டுனான்?"

பாட்டைச் சொன்னேன்.

"பாட்டுக்காகவா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணுக்குன்னு யாரு வந்தா?"

முன்பு அவளை வேலைக்கு வைத்திருந்த ஒரு வயசான அம்மா வேறு ஊரிலிருந்து ரயிலில் வந்தார் என்றேன்.

"வந்தாளா?" என்றார் பெரியம்மா. "தனியாவா வந்தா?"

"தனியாத்தான்."

அதற்கப்புறம் யார் கொன்றது என்று அவர் கேட்கவே இல்லை. தினமும் அந்த அம்மா இப்போது எங்கே இருக்கிறார், ஊருக்குத் திரும்பிவிட்டாரா என்று மட்டும் கேட்பார். கடைசியில் மிஸ் மார்பிள் வீடு திரும்பும்போது அவருக்கு ஒரு கடிதம் காத்திருக்கிறது அல்லவா, கிளாடிஸ் சாவதற்கு முன்னால் எழுதியது, உள்ளே ஒரு போட்டோ. அதைச் சொன்னபோது பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே எழுந்து போய்விட்டார். போட்டோவில் இருந்தது யார் என்பதை நான் சொல்லி முடிக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'எங்கள் ஊரில் இப்படித்தான் ஒருவன்' என்பது துப்பறிதலா என்று கேட்டீர்கள். மிஸ் மார்பிள் முதலில் வந்தது 1927 டிசம்பரில் பத்திரிகையில் வெளியான 'தி டியூஸ்டே நைட் கிளப்' என்ற சிறுகதையில். அவர் வீட்டிலேயே ஒரு மாலை. சகோதரி மகனான எழுத்தாளர், ஸ்காட்லாந்து யார்டின் முன்னாள் கமிஷனர், வழக்கறிஞர், பாதிரியார், ஓவியர் எல்லோரும் இருக்கிறார்கள். ஆளுக்கொரு புதிர் சொல்லலாம் என்று பேசும்போது, நாம் ஐந்து பேர் என்று எண்ணுகிறார்கள். என்னை விட்டுவிட்டாயே என்கிறார் அந்த வீட்டுக்காரி. அறையில் தன்னையே எண்ண மறந்தவர்கள் கதைக்குள்ளும் யாரையோ எண்ண மறப்பார்கள் என்று அவருக்குத் தெரிகிறது. அந்தக் கதையிலும் ஒரு வேலைக்காரப் பெண் உண்டு. மற்றவர்கள் கண் எங்கெங்கோ போகும்போது அவளைக் கணக்கில் எடுத்துக்கொள்பவர் மிஸ் மார்பிள். அவள் பெயரும் கிளாடிஸ்தான். கிளாடிஸ் லிஞ்ச். அன்று இங்கிலாந்தில் அது சாதாரணப் பெயர், தற்செயலாகவே இருக்கலாம். ஆனாலும் 1953-இல் இரண்டாவது கிளாடிஸ் வரும்போது எனக்கு முதலாமவள் ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

ஆக, செயின்ட் மேரி மீட் என்ற சின்ன ஊரில் அவர் செய்தது ஆட்களை ஒருவர் விடாமல் பார்த்தது. கசாப்புக்கடைக்காரர், மருந்துக்கடைப் பையன், வேலைக்கு வந்த ஒவ்வொரு பெண். யார் எதற்குப் பொய் சொன்னார்கள், யார் யாரை நம்பி ஏமாந்தார்கள் என்று அறுபது வருஷம் ஞாபகம் வைத்திருக்கும் ஒருவர் 'இவனை எனக்குத் தெரியும்' என்று சொன்னால், கே., அது போலீஸ் கைரேகை எடுப்பதற்குக் குறைந்த வேலை இல்லை. சாட்சியம் வேண்டும், சரி. பல கதைகளில் அவரிடம் அது போதாது, பொறி வைத்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதை கிறிஸ்டியும் மறைக்கவில்லை.

விஷங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் உலகப்போரின்போது கிறிஸ்டி டார்க்கியில் மருத்துவமனை மருந்தகத்தில் மருந்து கலந்துகொடுத்தவர். ரெக்ஸைக் கொன்ற டாக்ஸின் (taxine) என்ற விஷம் நிஜமாகவே யூ (yew) என்ற மரத்திலிருந்து வருவதுதான்.

அடுத்து '4.50 ஃப்ரம் பேடிங்டன்' வாசியுங்கள். 1957-இல் வந்தது. மிஸஸ் மெக்கில்லிகடி என்ற அம்மாள் ரயிலில் போகும்போது, பக்கத்துத் தண்டவாளத்தில் இணையாக ஓடும் ரயிலில் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிப்பதைப் பார்த்துவிடுகிறார். டிக்கெட் பரிசோதகர் வருகிறார். அம்மாள் பதறிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டே பரிசோதகரின் கண் அங்கே விரிந்து கிடக்கும் பத்திரிகைக்குப் போகிறது. அதில் கழுத்தை நெரிக்கும் படம் ஒன்று. தூக்கத்தில் கனவு கண்டிருக்கிறார் என்று அவர் முடிவுகட்டிவிடுகிறார். அம்மாள் ரயிலை விட்டு இறங்கி, நேராகத் தன் தோழி வீட்டுக்குப் போகிறார். நடந்ததைச் சொல்கிறார். அந்தத் தோழி ஒரு நொடிகூடச் சந்தேகப்படுவதில்லை.