பாஸ்டனா, டல்லாஸா?

வணக்கம். கணினி அறிவியல் முதுகலைக்கு பாஸ்டன் நார்த்ஈஸ்டர்ன், டெக்சாஸ் யூடி டல்லாஸ் என இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் இடம் கிடைத்திருக்கிறது, வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் தரவரிசையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

முதலில் டல்லாஸுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில், போட்டி அடிப்படையிலான உதவித்தொகை குறைந்தது 1,000 டாலர் கிடைத்தால், வெளிநாட்டு மாணவருக்கும் உள்ளூர்க் கட்டணமே போட வழி உண்டு. தொகை சிறியதுதான், ஆனால் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் வரும். தானாகக் கிடைத்துவிடாது, துறையிடம் கேட்க வேண்டும்.

நார்த்ஈஸ்டர்னின் பலம் கோ-ஆப். படிக்கும்போதே மாதக்கணக்கில் சம்பளத்தோடு நிறுவனத்தில் வேலை. அது நல்ல விஷயம், ஆனால் உறுதி கிடையாது, நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அப்புறம், முழுநேர சிபிடி (கோ-ஆப் போல, படிக்கும்போதே வேலை செய்வதற்கான அனுமதி) 12 மாதத்தைத் தொட்டால், அந்தப் படிப்புக்கான ஓபிடி, அதாவது படிப்பு முடிந்த பிறகு வேலை செய்யும் அனுமதி, போய்விடும். பாஸ்டன் வாடகையும் கடுமை.

படிப்புக்குப் பிறகான வேலை அனுமதி, ஓபிடி 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான) நீட்டிப்பு 24 மாதம், இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். எச்1பி வேலை விசாவுக்கான குலுக்கலிலும் கல்லூரிப் பெயருக்கு மதிப்பில்லை.

உதவித்தொகை வந்தால் தயங்காமல் டல்லாஸ் போங்கள். வராவிட்டால் இரண்டு கல்லூரிகளும் விசாவுக்காகத் தரும் ஐ-20 படிவத்தில் உள்ள செலவுத் தொகையையும் இங்கே போடுங்கள், சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.