2 அடி தொட்டியில் ஏஞ்சல், கப்பி, டைகர் பார்ப், கோல்டுஃபிஷ், சக்கர் எல்லாம் ஒன்றாக இருக்குமா?

நீங்கள் கேட்டது இது: 2 அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரத்தில் தொட்டி வாங்கியாயிற்று. 2 ஏஞ்சல், 10 கப்பி, 4 டைகர் பார்ப், 2 கோல்டுஃபிஷ், தொட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ள ஒரு சக்கர். வீட்டில் போர் தண்ணீர். இவை சண்டை போடாமல் இருக்குமா?

இருக்காது. தயவுசெய்து இந்தப் பட்டியலை அப்படியே வாங்கிவிடாதீர்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல மீன்தான். ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்தால் ஆறு மாதத்தில் பாதிகூட மிஞ்சாது.

பதினொரு வருடத்துக்கு முன்னால் அம்பத்தூரில் வாடகை வீட்டில் இருந்தபோது நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு ரூபாய் நாணயம் அளவில் 2 ஏஞ்சல், கூடவே நீலக்கோடும் சிவப்பு வாலுமாக இருக்கும் குட்டி மீன் நியான் டெட்ரா 10. "ரெண்டுமே அமேசான் மீன்தான் சார், ஒண்ணாத்தான் இருக்கும்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் பொய் இல்லை. இரண்டும் அமேசான் ஆற்றுப் படுகையிலிருந்து வந்தவைதான். முதல் நான்கு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு வாரத்துக்கு ஒரு நியான் குறைய ஆரம்பித்தது. செத்த உடலும் கிடைக்கவில்லை. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், கல்லைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு ராத்திரி பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து லைட்டைப் போட்டபோது என் மகளும் எழுந்து வந்தாள். "அப்பா, அது வாயில என்ன?" என்றாள். ஏஞ்சலின் வாய்க்கு வெளியே ஒரு சிவப்பு வால் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே அந்த நீலக்கோடு அப்போதும் மின்னிக்கொண்டிருந்தது. ஏஞ்சல் இரண்டு முறை வாயை அசைத்தது, அவ்வளவுதான், வால் உள்ளே போய்விட்டது.

ஏஞ்சலைக் குறை சொல்ல முடியாது. தட்டையாக, உயரமாக இருக்கும் அதன் உடம்பு தண்ணீருக்குள் மூழ்கிய வேர்களுக்கும் தண்டுகளுக்கும் நடுவே சத்தமில்லாமல் நகர்வதற்கு ஏற்றது. சின்ன மீன் எட்டும் தூரத்தில் வந்தால் அதற்கு அது சாப்பாடு. நியான் முழுதாக வளர்ந்தாலும் 3, 4 செ.மீ.தான். ஏஞ்சலோ துடுப்போடு சேர்த்து 20 செ.மீ. உயரம்வரை போகும். கடையில் நாம் பார்ப்பது இரண்டின் குழந்தைப் பருவத்தை. அதனால் எந்த மீனைக் கேட்டாலும் "இது முழுசா வளர்ந்தா எவ்வளவு இருக்கும்?" என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஒன்றின் வாய்க்குள் இன்னொன்று நுழையும் என்றால் ஒருநாள் நுழைந்தே தீரும். உங்கள் கப்பிகளும், குறிப்பாக அவற்றின் குஞ்சுகளும், இதே கணக்கில்தான் வரும். ஏஞ்சலுக்குத் தொட்டி குறைந்தது 18 அங்குல உயரமாவது வேண்டும். உங்களுடையது 15 அங்குலம். இப்போதைக்கு ஏஞ்சலை விட்டுவிடுங்கள்.

டைகர் பார்ப் விஷயம் வேறு. அது விழுங்காது, கடிக்கும். துறுதுறுவென்று இருக்கும் கூட்டமீன் அது. எட்டு, பத்து சேர்ந்திருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொண்டு, யார் பெரியவர் என்று பார்த்துக்கொண்டு பொழுதை ஓட்டும். நீங்கள் நினைத்திருக்கிற மாதிரி நாலே நாலு போட்டால் அந்த வேகமெல்லாம் பக்கத்தில் இருக்கிறவர்மேல் திரும்பும். என் நண்பர் ஒருவர் ஏஞ்சலோடு நாலு டைகர் பார்ப் விட்டார். ஏஞ்சலின் வயிற்றுக்கடியில் மீசை மாதிரி இரண்டு நீள இழை தொங்குமே, முதலில் அதைத்தான் பிடித்தன. ஒன்று வந்து சுண்டி இழுக்கும், ஏஞ்சல் திரும்புவதற்குள் பின்னாலிருந்து இன்னொன்று வரும். ஒரே வாரத்தில் இரண்டு இழையும் குச்சியாகிவிட்டன, வால் சீப்புப் பல் மாதிரி கிழிந்தது, கிழிந்த இடத்தில் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை பிடித்தது. ஆண் கப்பியின் விசிறி வாலுக்கும் ஃபைட்டரின் வாலுக்கும் இதே கதிதான். டைகர் பார்ப் அவ்வளவு பிடிக்கும் என்றால் 3 அடி தொட்டியில் பத்து வாங்கி, வேகமாக நீந்தும் குட்டை வால் மீன்களோடு மட்டும் வையுங்கள். பார்க்க அருமையாக இருக்கும்.

கோல்டுஃபிஷ் கெண்டைக் குடும்பம். குளிர்ந்த தண்ணீர் அதற்கு நல்லது, 18 முதல் 22 டிகிரி என்றால் உற்சாகமாக இருக்கும். அதற்கு இரைப்பையே கிடையாது, தின்றது குடல் வழியே சீக்கிரம் வெளியே வந்துவிடும். நாள் முழுக்க தின்னும், நாள் முழுக்க கழியும். அந்தக் கழிவை உங்கள் தொட்டியின் சின்ன ஃபில்டர் தாங்காது. சென்னை வெயிலில் அதைக் காப்பாற்றுவதே தனி வேலை. கோல்டுஃபிஷ் வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு பெரிய தொட்டி வைத்து, அதை மட்டும் வளருங்கள்.

சக்கர் மீனைப் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். விரல் நீளத்தில் "டேங்க் கிளீனர்" என்று விற்கிறார்கள். அது ஓர் அடிக்கு மேல் வளரும். வளர வளர பாசியை விட்டுவிட்டு நீங்கள் போடும் தீனிக்கே வரும், ராத்திரியில் தட்டை மீன்களின் உடம்பில் ஒட்டி வழவழப்பைச் சுரண்டும். அது போடும் கழிவு, அது தின்னும் பாசியைவிடப் பல மடங்கு. கடைசியில் தொட்டிக்குள் திரும்பக்கூட முடியாத அளவு ஆனதும் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டதன் விளைவைத்தான் இன்று நம் ஏரிகளில் பார்க்கிறோம். முள்ளுத் துடுப்பால் வலையைக் கிழிக்கிறது, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிக்கிறது, மீன் பிடிக்கிறவர்கள் கரையில் குவித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். எந்த வளர்ப்பு மீனையும் ஏரியிலோ குளத்திலோ விடாதீர்கள். வேண்டாம் என்றால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், பெரும்பாலான கடைகள் வாங்கிக்கொள்வார்கள். கண்ணாடியில் படியும் பாசிக்கு வாரம் ஒருமுறை ஒரு ஸ்பாஞ்ச் போதும்.

இனி எதை வைக்கலாம் என்பதற்கு வருவோம். இங்கேதான் பலரும் மீனிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். நீங்கள் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் ஆர்ஓ இருந்தால் அதைச் சர்வீஸ் செய்ய வருபவரிடம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருக்கும். உங்கள் போர் தண்ணீரை அளந்து காட்டச் சொல்லுங்கள். சென்னையில் பல இடங்களில் 800, 1000 என்று காட்டும். குழாய் முனையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா? அப்படியென்றால் உங்களுடையது கடின நீர், அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு (7 நடுநிலை, அதற்கு மேலே காரம்) பெரும்பாலும் 7.5-க்கு மேலேதான் இருக்கும். நியான், கார்டினல் போன்ற டெட்ராக்களின் சொந்த ஊர் மழைநீர் போல மென்மையான, சற்று அமிலத் தன்மையுள்ள தண்ணீர். ஆர்ஓ தண்ணீரைக் கலந்து கலந்து அவற்றை வளர்க்கலாம்தான், ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கப்பி, மோலி, பிளாட்டி, சோர்ட்டெயில் ஆகிய குட்டி போடும் மீன்களுக்கோ கடின நீர்தான் சொர்க்கம். நம் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை சென்னையைச் சுற்றிய பண்ணைகளில், இதே மாதிரி தண்ணீரில், சிமெண்ட் தொட்டிகளில் பிறந்து வளர்ந்தவை. கொளத்தூர் பக்கம் போனீர்களானால் வரிசையாக வண்ணமீன் கடைகள். அங்கே "இது லோக்கல் பிரீடா, வெளியிலிருந்து வந்ததா?" என்று கேட்டு, லோக்கலில் பெருக்கியதையே வாங்குங்கள். உங்கள் தண்ணீருக்குப் பழகின உடம்பு அது.

உங்கள் தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் சுமார் 70 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக 55, 60 லிட்டர்தான் தேறும். அதற்கு நான் சொல்வது இது. நடுத் தண்ணீருக்கு பிளாட்டி 5, அதில் ஆண் 1 அல்லது 2, மிச்சம் பெண். ஆண் அதிகமானால் பெண்ணை ஓயவிடாமல் துரத்தும், அது இளைத்துச் செத்துப்போகும். மேல் தண்ணீருக்கு சீப்ரா டேனியோ 6. இந்தியாவின் ஓடைகளிலும் வயல்களிலும் வாழும் நம் நாட்டு மீன் அது. கங்கை மீன்களைப் பற்றி எழுதிய ஹாமில்டன் 1822-லேயே அதை விவரித்துவிட்டார். இன்று உலகமெங்கும் ஆராய்ச்சிக் கூடங்களில் வளர்க்கிறார்கள், நம்மவர்கள்தான் அதை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. விலை குறைவு, வெயிலும் குளிரும் தாங்கும், கூட்டமாக நீலக்கோடுகள் பறப்பதைப் பார்த்தால் கண் எடுக்க முடியாது. துள்ளிக் குதிக்கும், அதனால் தொட்டிக்கு மூடி கட்டாயம்.

அடித்தளத்துக்கு கோரி 5 அல்லது 6. கெளுத்தி இனத்துக் குட்டி மீன். ஒன்று, இரண்டு வாங்காதீர்கள், தனியாக இருந்தால் மூலையில் ஒடுங்கிவிடும். வெண்கல நிறத்தில் இருக்கும் சாதாரண கோரி நம் வெயிலை ஓரளவு தாங்கும். தரையில் கூர்மையான ஜல்லி போடாமல் மெல்லிய ஆற்றுமணல் போடுங்கள். அது மீசையை மணலுக்குள் விட்டுத் துழாவித்தான் சாப்பிடும், ஜல்லியில் மீசை தேய்ந்து புண்ணாகிவிடும். இன்னொன்று, எதற்கெடுத்தாலும் ஒரு கைப்பிடி கல் உப்பு போடச் சொல்வார்கள். மோலி தாங்கும், கோரி தாங்காது. அந்தப் பழக்கம் இந்தத் தொட்டியில் வேண்டாம்.

கப்பிதான் வேண்டும் என்றால் பிளாட்டிக்குப் பதிலாக ஆண் கப்பி மட்டும் எட்டு வாங்குங்கள். வண்ணம் அத்தனையும் ஆணில்தான். ஒருமுறை இணைந்த பெண் கப்பி, ஆணே இல்லாமல் பல மாதம் மாதாமாதம் குட்டி போடும். இரண்டே பெண் போதும், தீபாவளிக்குப் போட்ட தொட்டி சித்திரைக்குள் நிரம்பி வழியும். டேனியோவும் நீள வாலைச் சில சமயம் சீண்டும் என்பதால், கப்பி வைத்தால் டேனியோவைத் தவிர்த்து கோரியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இவ்வளவு பார்த்துப் பொருத்தினாலும், அவசரப்பட்டால் எல்லாமே சாகும். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா இன்னும் பிறந்திருக்காது. அது பெருகி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடின நீர்க்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பி.எச். 7-லிருந்து 8-க்குப் போனால், அதே அளவு அம்மோனியாவில் விஷமாக வேலை செய்யும் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகிவிடும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, காலையில பார்த்தா எல்லாம் மிதக்குது" என்று பலர் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். பழைய தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது, அவர்கள் ஃபில்டரில் ஊறிய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள், பாதி நாள் மிச்சமாகும். அந்த ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். மெட்ரோ வாட்டர் குளோரினில் அந்தப் பாக்டீரியா செத்துப்போகும். தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

முதலில் டேனியோ ஆறு. இரண்டு, மூன்று வாரம் கழித்து பிளாட்டி. தொட்டி நிலைப்பட்ட பிறகு கடைசியாக கோரி. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். மே மாதத்தில் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போகும், சூடு ஏற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். மூடியைச் சற்றுத் திறந்து வலை போட்டு, மேற்பரப்பில் காற்றுப் படும்படி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

கடையில் வாங்கும்போது பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறதா, உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி இருக்கிறதா, மேலே வந்து வாய் பிளக்கிறதா? ஒரு மீனிடம் பார்த்தாலும் அந்தத் தொட்டியில் எதையும் வாங்காதீர்கள், அழகான மீன் வேறு இருந்தாலும் சரி. கொஞ்சம் தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள், பாய்ந்து வந்து தின்றால் வாங்கலாம். வீட்டுக்கு வந்ததும் கவரை அவிழ்க்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டு, பிறகு தொட்டித் தண்ணீரை டம்ளர் டம்ளராக ஊற்றிப் பழக்கி, மீனை மட்டும் வலையில் எடுத்து உள்ளே விடுங்கள். கவர்த் தண்ணீரைச் சிங்க்கில் கொட்டிவிடுங்கள்.

கோரி வந்த முதல் நாள் உங்களுக்குப் பதற்றம் வரலாம். தரையில் அமைதியாகத் துழாவிக்கொண்டிருக்கும் மீன் திடீரென்று அம்பு போல மேலே போய், தண்ணீர்ப் பரப்பைத் தொட்டு, அதே வேகத்தில் கீழே வரும். மூச்சுத் திணறுகிறதோ என்று மருந்து ஊற்றிவிடாதீர்கள். ஒரு வாய் காற்றை விழுங்கிக் குடலிலேயே ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளத் தெரிந்த மீன் அது. எப்போதாவது ஒருமுறை போய் வந்தால் அதன் இயல்பு. எல்லா கோரியும் நிமிடத்துக்கு நாலு தடவை ஓடினால்தான் தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.